தரங்கம்பாடியில் இரண்டு நாள்

வேலை செய்யாதிருப்பதே ஓய்வு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் தரங்கம்பாடிக் கடற்கரை மாற்றியது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மணமாகி முப்பது ஆண்டுகள் கழிந்தபின், உறவினர் வீட்டு விசேடம் என்ற சாக்கு எதுவுமின்றி நானும் என் மனைவியும் வெளியூர் சென்று தங்கியது அதுவே முதல் முறை. கடலை நோக்கிய பழைய பங்களா ஒன்று அவ்வூரில் தங்கும் விடுதியாக விளங்குகிறது. உயர்ந்த கூரை, பருத்த தூண்கள், அகன்ற தாழ்வாரம், அதில் இரண்டு சாய்வு நாற்காலிகள். கண்டதும் என் மனைவி ஒன்றில் அமர்ந்துவிட்டாள். நானோ சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தேன். பார்க்கவேண்டிய இடங்கள் பதினொன்று அதில் இருந்தன.

"நீங்கள் போய் வாருங்கள், நான் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள்.

சென்றேன். 1620-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று, மிளகு வாணிகத்தை நாடி வந்த டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையைக் கண்டேன். நகர வாயிலையும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயத்தையும் கண்டேன். 1845-இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் வாணிகம் அங்கே சென்றது. தரங்கம்பாடி அடங்கிற்று. வாணிகம் போனதனாலேயே பழைய தெருக்கள் பிழைத்தன போலும்!

மாலையில் கால் வலிக்கத் திரும்பினேன். "என்ன கண்டீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். ஆண்டுகளை வரிசையாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சிவன் கோயிலின் முன்புறம் எங்கே போயிற்று?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. மாசிலாமணிநாதர் கோயில் என் பட்டியலில் நான்காவது இடம். ஐந்து நிமிடம் அங்கே நின்றேன், கட்டிய பாண்டிய மன்னன் பெயரைக் குறித்துக்கொண்டேன், வந்துவிட்டேன். அவளோ தாழ்வாரத்திலிருந்தே நெடுநேரம் அதைப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை இருவரும் சென்றோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகக் கொண்டுவிட்டது. மன்னர் கட்டியதையும் அலை விட்டுவைக்கவில்லை.

அருகே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கடலை நோக்கியே அமர்ந்திருந்தார். வெயில் கண்ணில் அடித்தது. "திரும்பி உட்காரலாமே, ஐயா" என்றாள் என் மனைவி. அவர் சிரித்தார். "2004-ஆம் வருடம் அலை வந்ததே, அம்மா, அன்றிலிருந்து கடலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை" என்றார். "பயமா?" என்று நான் கேட்டேன். "பயந்தால் யார் சோறு போடுவது? நாளைக் காலையிலும் கடலுக்குத்தான் போகவேண்டும்" என்று சொல்லி, அடுத்த கண்ணியைப் பின்னத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் பல உயிர்களைக் கொண்டது. அது நான் படித்த செய்தி. அவருக்கோ அது நாள்தோறும் உட்காரும் திசை.

அன்று நாங்கள் வேறெங்கும் செல்லவில்லை. சாய்வு நாற்காலிகளில் அமர்ந்து அலையைக் கேட்டோம். அப்பொழுது சீகன்பால்குவின் நினைவு வந்தது. 1706-இல் சமயப்பணிக்காக ஜெர்மானியரான அவர் இவ்வூரில் வந்திறங்கினார். சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். டேனிய ஆளுநரின் சினத்துக்கு ஆளாகிச் சில மாதம் அதே கோட்டையில் சிறையும் இருந்தார். ஆயினும் தம் பணியைக் கைவிடவில்லை. 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு இவ்வூர் அச்சகத்தில் வெளிவந்தது. மிளகை நாடி வந்தவர்கள் கணக்கு முடித்துச் சென்றார்கள். அமர்ந்து கேட்டவருக்கே ஊரின் மொழி வாய்த்தது.

இருள் சூழும்வரை எங்கள் இளமைக் காலத்தைப் பற்றியும், பிரிந்துபோன பெற்றோரைப் பற்றியும் அவள் பேசினாள். நான் குறுக்கிடவில்லை. இறுதியில், "முப்பது ஆண்டுகளில் நான் சொன்னதை நீங்கள் முழுவதும் கேட்டது இன்றுதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் அது என் உள்ளத்தில் தைத்தது.

மாணவ நண்பர்களே! நீங்களும் பல ஊர்களுக்குச் சுற்றுலா செல்வீர்கள். பட்டியல் எழுதிச் செல்லுங்கள், ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், அவையும் வேண்டியவையே. ஆனால் ஒரு பொழுதையேனும் எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். உடன் வந்தவர் அருகில் அமர்ந்து அவர் கண்டதைக் கேளுங்கள். அதற்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதில்லை.