செங்கல் வீடா, மர வீடா? சூடு இறங்குறது மேலேருந்து

திருப்பரங்குன்றம் பக்கம் வீடு கட்டப்போற ஒருத்தர் கேட்டிருக்கார்: "கனடா, ஸ்வீடன்ல எல்லாம் மரச்சட்டம் நிறுத்தி, நடுவுல பஞ்சு மாதிரி எதையோ அடைச்சு வீடு கட்டுறாங்க. கரண்ட் செலவு கம்மியாம். நாம மட்டும் ஏன் செங்கல்லையே கட்டிக்கிட்டு அழுறோம்?"

முதல்ல ஒண்ணு. நாம எப்பவும் செங்கல், அவங்க எப்பவும் மரம்ங்கிறதே தப்பு. கீழடியில செங்கல் சுவரும் கிடைச்சது, துளை போட்ட கூரை ஓடும் கிடைச்சது, இரும்பு ஆணியும் கிடைச்சது. சுவர் செங்கல், கூரையைத் தாங்கினது மரம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், தாண்டிப் போவோம்.

மரச்சட்ட வீடு பிறந்தது குளிர் நாட்டுல. வெளியே பனி, உள்ளே ஹீட்டர். அந்தச் சூடு வெளியே ஓடிடக் கூடாது. கான்கிரீட் கடத்துற சூட்டுல பத்துல ஒரு பங்குதான் மரம் கடத்தும், அதனால அங்கே அது கெட்டிக்கார வேலை. நம்ம ஊர்ல மே மாசம் பகல் 40 டிகிரி, ராத்திரியும் 26க்குக் கீழே இறங்க யோசிக்கும். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் மத்தியான வெயிலைக் குடிச்சு வச்சிருந்து ராத்திரிதான் உள்ளே விடும். அந்தக் காலத்துல அது பிரச்சினையே இல்ல. ராத்திரி பத்து மணிக்கு எவன் உள்ளே படுத்தான்? திண்ணை, முற்றம், மொட்டைமாடி. இப்ப எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு பெட்ரூம்ல. ஏசி சண்டை போடுறது மத்தியானம் ரெண்டு மணி வெயிலோட. ராத்திரிக்கு மட்டும்னா லேசான மரச்சுவர் சீக்கிரம் ஆறிடும், அதை ஒத்துக்கணும். ஆனா கரையானுக்கும் மர விலைக்கும் யார் பதில் சொல்றது? அதனால நண்பரே, செங்கல்லயே கட்டுங்க. சுவரைப் பத்தி இவ்வளவுதான்.

ஏன்னா விஷயம் சுவர்ல இல்ல. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரிதான். சித்திரை பிறந்ததும் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில ஒரு தடவை உச்சி வெயில் நேரா மண்டைக்கு மேல நிக்கும். சுவருக்குப் பக்கத்து வீடு நிழல் தரும், வேப்பமரம் தரும். தளத்துக்கு யார் தருவா?

இதுக்கு நம்ம ஆளுங்க வச்சிருந்த பதில்தான் மெட்ராஸ் டெரஸ். கட்டைக்குத்துன்னும் சொல்வாங்க. தேக்கு விட்டங்களை நெருக்கமா போட்டு, சின்ன மெல்லிசு செங்கல்லை நிறுத்தி வச்சு, மூலையிலேருந்து குறுக்குச் சாய்வா சுண்ணாம்புல ஒட்டிக்கிட்டே வருவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பொம்பளைங்க வரிசையா உக்காந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு மரக்கட்டையால நாள்கணக்கா அடிப்பாங்க. கடைசியில தட்டோடு. மொத்தம் அரை அடிக்கு மேல கனம். மரமும் செங்கல்லும் கூட்டு வேலை செஞ்ச கூரை அது. ஒரு கம்பி கிடையாது. கிழக்கு மாசி வீதிப் பக்கம் பழைய வீடு ஏதாவது கிடைச்சா அண்ணாந்து பாருங்க.

அது ஏன் போச்சு? தேக்கு பர்மாவுலேருந்து வந்துக்கிட்டிருந்தது. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தான், வழி அடைபட்டுச்சு. 1949ல திருநெல்வேலி தாழையூத்துல சிமென்ட் ஆலை ஓட ஆரம்பிச்சது. நாலஞ்சு இஞ்ச் கான்கிரீட், நடுவுல கம்பி, ஒரே நாள்ல ஒட்டு போட்டு முடிச்சிடலாம்.

ஏழைங்க அந்தத் தளத்துக்கு ஏங்கினதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேரை ஒரே குடிசைக்குள்ள வச்சு எரிச்சுட்டாங்க. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடக் கீத்துக் கூரையில தீ பிடிச்சு 94 குழந்தைங்க. கீத்து எவ்வளவு குளிர்ச்சியா இருந்தா என்ன, அதுக்குக் கீழே பிள்ளையைத் தூங்க வைக்க யாருக்கு மனசு வரும்? 2010ல குடிசையையெல்லாம் கான்கிரீட் வீடா மாத்துற திட்டம் வந்தப்போ அது நியாயமான திட்டம்தான்.

எனக்குக் கோபம் அடுத்ததுல. 2011ல பசுமை வீடுன்னு 300 சதுர அடியில ஒரு திட்டம். கூரைமேல சூரியத் தகடு, அதுல எரியுற விளக்கு. நல்ல விஷயம். ஆனா அந்த வெயில் தகட்டோட நிக்குமா? வெறுந்தளத்தைச் சுட்டுட்டு உள்ளே இறங்குதே! 'பசுமை'ன்னு பேர் வச்சவங்க விளக்கை யோசிச்சாங்க, அதுக்குக் கீழே படுக்கிற ஆளை யோசிக்கல. பணக்காரன் அந்தத் தப்பை ஏசி வாங்கிச் சரிபண்ணிக்கிறான். நூறு நாள் வேலைக்குப் போற அம்மா எதை வாங்கும்?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் சித்திரையில போனா தளத்துமேல தென்னங்கீத்தைப் பரப்பி வச்சிருக்கிற வீடுகளைப் பாக்கலாம். தீக்குப் பயந்து இறக்கின கீத்து மறுபடி மேல ஏறியாச்சு. 2024ல வந்த கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடி வீடு, அதுல 300 கான்கிரீட் தளம். அந்த அளவுக்குச் செங்கல் ஜல்லி கொட்டித் தட்டோடு ஒட்ட ஒரு கொத்தனாரும் சில சித்தாளும் இருந்தா சில நாள் வேலைதான். உங்க ஊர் கிராம சபையில எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்கி, தட்டோடுக்கு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அங்கேயே எழுந்து கேளுங்க.