துளைக்குள்ளே ஒரு கையெழுத்து

பழைய மாண்டலின் ஒன்று கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? தந்தியையா, மெருகையா? விவரம் தெரிந்தவர்கள் டார்ச் விளக்கை எடுத்து, ஒலித்துளை வழியாக உள்ளே பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் இருந்த கிப்சன் இசைக்கருவி நிறுவனத்தில் லாய்ட் லோர் என்பவர் வேலை பார்த்தார். 1922-இல் எஃப்-5 மாண்டலின் அவர் மேற்பார்வையில் வெளிவந்தது. அதுவரை கிப்சன் மாண்டலின்களில் நடுவில் ஒரே துளைதான். இதிலோ வயலினைப் போல எஃப் வடிவத்தில் இரண்டு. ஒரு துளைக்குள் வரிசை எண் போட்ட சீட்டு; மற்றதற்குள் தேதியோடு லோரின் கையெழுத்து. 1924 முடிவில் அவர் விலகிவிட்டார். அதனால் கையெழுத்துள்ளவை சில நூறுதான்.

1940-களில் அமெரிக்க இசைக் கலைஞர் பில் மன்றோ ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் அப்படியொன்றைக் கண்டு, 150 டாலருக்கு வாங்கினார். உள்ளே 1923 ஜூலை 9 என்று தேதி. புளூகிராஸ் என்ற அமெரிக்க இசை வகை அந்த மாண்டலினின் குரலில்தான் வளர்ந்தது. 1985-இல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து அதை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். கிப்சன் கைவினைஞர்கள் சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்டி, மறுபடியும் பாட வைத்தார்கள். நினைக்கும்போதே நெஞ்சு நெகிழ்கிறது.

இப்படிப்பட்ட மாண்டலினை மதிப்பிடும்போது சீட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது, போலியும் உண்டு. எண், தேதி, மரம், வார்னிஷ் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய வாத்தியம் ஏதாவது இருக்கிறதா? பளபளக்கட்டும் என்று புது வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். பழைய பூச்சு போனால் மதிப்பும் போய்விடும். முதலில் உள்ளே இருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள்.