பெஞ்சில் இருப்பவரும் அணிதான்



அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. 2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் இறுதியாட்டம். இடைவேளையில் அலபாமா 0-13. பயிற்சியாளர் நிக் சேபன், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். 26-23, வெற்றி!

பெஞ்சில் உட்காரவைத்தார்களென்று நம் கல்லூரி அணியை விட்டே விலகியவன் நான். “ஹர்ட்ஸ் கிளம்பிடணும்பா” என்று மகனோடு வாதாடினேன். அவர் கிளம்பவில்லை. டிசம்பர் 1, அதே மைதானம், அதே ஜார்ஜியா அணி. டுவா காயப்பட, பின்தங்கிய ஆட்டத்தை 35-28 என மீட்டவர் ஹர்ட்ஸ்!

பந்தோடு ஓடும் ரன்னிங்பேக் வரிசையிலும் டேமியன் ஹாரிஸுக்குப் பின்னால் நின்ற ஜோஷ் ஜேக்கப்ஸ், 2019 தொழில்முறைத் தேர்வில் முதல் சுற்றிலேயே, 24-ஆவதாக எடுக்கப்பட்டார்.

தம்பிகளா, பட்டியலில் பேரு இல்லேன்னாலும் பயிற்சியை விட்டுடாதீங்க. நான் விட்டேன், இன்னும் உறுத்துது.