ஞாயிற்றுக்கிழமைப் பந்தி
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கன்னியாகுமரிக் கடற்கரையில் வாழும் நம் முக்குவர் சமூகத்தார்க்கு உணவுவேளையை வகுப்பது கடிகாரமன்று, கடலேயாம். விடியுமுன் கட்டுமரம் தள்ளுவோர்க்குப் பழங்கஞ்சியும் சுட்ட கருவாடுமே காலையுணவு. மரம் கரையேறி, மீன் விலைபோன பின்னரே வீட்டில் அடுப்பு புகையும். நெய்மீன் சந்தைக்குப் போகும். நம் சட்டிக்குச் சாளையும் நெத்தோலியும் வரும். அதனை எவரும் குறையாகக் கொண்டாரல்லர். தேங்காயும் மிளகாயும் அரைத்துப் புளிவிட்டுக் கொதித்த சாளைக்குழம்பும் அவித்த மரச்சீனியும் சேர்ந்தால், அதற்கு நிகரான விருந்து யாது? 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய அக்கிழங்கு, அரிசி அரிதான நாட்களில் நம் முன்னோர் பசியைத் தீர்த்தது.

வெள்ளியன்று இறைச்சியை விலக்கி மீனோடு அமைவோம். ஞாயிறன்று கடலுக்குச் செல்லாமை நம் பெரியோர் காத்த வழக்கம். பூசை முடிந்ததும் இயன்றோர் இறைச்சி சமைப்பர். வாரமெல்லாம் வெவ்வேறு வேளையில் உண்டோர் அன்று ஒருங்கே அமர்வர்.

ஆயினும் அப்பந்தியில் ஒருவருக்கு மட்டும் இடமில்லை. அவர் நம் தாயார். தலையில் கடவம் சுமந்து, சந்தையில் மீன் விற்று, அரிசியும் தேங்காயும் வாங்கி மீள்பவர் அவரன்றோ? எல்லார்க்கும் பரிமாறியபின், சட்டியில் ஒட்டிய சாற்றில் சோற்றைப் பிசைந்து அவர் உண்பதை நாமனைவரும் சிறுவயதிற் கண்டோம். மீன்துண்டு எங்கேயென ஒருநாளேனும் வினவினோமில்லை. இக்குற்றம் பிறருடையதன்று; நம்முடையது.

இன்று விசைப்படகுகளில் ஆழ்கடல் செல்லும் தூத்தூர்ப் பகுதியினர் வாரக்கணக்கிற் கரை காண்பதில்லை. ஆகவே ஒருங்கே உண்ணும் ஞாயிறுகள் அருகி வருகின்றன. 2017 நவம்பரில் வீசிய ஒக்கிப் புயலுக்குப் பின்போ, பல வீடுகளில் ஓரிடம் என்றென்றைக்கும் வெறுமையாயிற்று. நாளை அமரலாம் என்று தள்ளிவைக்கத்தக்கதன்று பந்தி என்பதை அப்புயல் நமக்குக் கற்பித்தது.

ஆதலின் நாம் வேண்டுவது பெரிதன்று. வரும் ஞாயிறன்று தாயாரை முதலில் அமர்த்துவோம். பிள்ளைகள் பரிமாறட்டும். மீனின் நடுத்துண்டு அவர் கலத்தில் விழட்டும். அதன்பின் நாம் உண்போம். கடலன்னையைப் போற்றும் குலத்தார் வீட்டன்னையைப் பசித்திருக்க விடுதல் தகுமோ?