சிரிப்பு வெறும் பொழுதுபோக்கா?

நடுவர் அவர்களே! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து ஷிப்ட் முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தோழர் என்ன சொன்னார்? "நாடகம் பார்க்கிறோம், சிரிக்கிறோம், எந்திரிச்சு வர்றோம். அதோட சரி" என்றார். ஐயா, அதோட சரின்னா, ஒரு சிரிப்பு நாடகத்தைக் கண்டு ஒரு நாட்டு மதகுருமார்கள் ஏன் பயந்தார்கள்?

பிரான்ஸ் நாட்டில் மோலியேர் என்று ஒருவர். அப்பா அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை செய்து கொடுப்பவர். பிள்ளையோ அந்தத் தொழிலை விட்டுவிட்டு 1643-ல் நாடகக் கம்பெனி ஆரம்பிச்சார். கம்பெனி நொடிச்சுப் போச்சு. கடனுக்காக ஜெயிலுக்கே போனார்! வெளியே வந்து பதிமூன்று வருஷம் ஊர் ஊராகப் போய் நடிச்சார்.

1664-ல் 'தார்த்யூஃப்' போட்டார். பக்திமான் வேஷத்தில் ஒருத்தன் ஒரு குடும்பத்துக்குள்ளே புகுந்து, சொத்தையே சுருட்டப் பார்க்கிற கதை. ராஜா ரசிச்ச நாடகம்தான். ஆனாலும் பொதுமேடையில் போட அஞ்சு வருஷம் விடவில்லை! கண்ணாடியில் தன் முகம் தெரிஞ்சவன்தானே கண்ணாடியை உடைக்கப் பார்ப்பான்? (கைதட்டல்)

1673-ல் 'கற்பனை நோயாளி' நாடகம். இல்லாத நோய்க்கு டாக்டரிடம் பணத்தைக் கொட்டுகிற ஆசாமி வேஷம். வேஷம் கட்டினவருக்கோ நிஜமாவே நோய்! நாலாவது தடவை நடிக்கும்போது மேடையிலேயே உடம்பு முடியாமல் போச்சு. விடாமல் நடிச்சு முடிச்சார். அன்று இரவே கண்ணை மூடினார். நடிகன் என்பதால் மயானத்தில் இடமில்லை என்றார்கள். மனைவி ராஜாவிடம் போய் மன்றாடிய பிறகு, ராத்திரியில் சத்தமில்லாமல் புதைத்தார்கள்.

சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1873-ல் நம் மண்ணில் ஒருவர் பிறந்தார். பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் போனால் பம்மல் வருமே, அந்த ஊர்ப் பேரைத் தன் பேரோடு வைத்துக்கொண்ட சம்பந்த முதலியார்! 'கூத்தாடி' என்று படிச்சவங்க ஒதுங்கிய காலத்தில், 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீலுக்குப் படிச்சு நீதிபதியான அவரே அரிதாரம் பூசினார். தொண்ணூறுக்கும் மேல் நாடகம் எழுதினார். மோலியேர் நாடகத்தைக் 'காளப்பன் கள்ளத்தனம்' என்று தமிழாக்கினார். அவருடைய 'சபாபதி'யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பேர். யார் பெரிய முட்டாள்னு நாமதான் கண்டுபிடிக்கணும்! (சிரிப்பு) பணக்கார வீட்டு அசட்டுத்தனத்தை இதைவிட நயமா யார் சொல்ல முடியும்?

தாய்மார்களே, நாளைக்கு உங்க பிள்ளை பள்ளிக்கூட நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டினால், "இது ஒரு பொழப்பா?"ன்னு கேட்காதீங்க. நம்மைச் சிரிக்க வைக்கிறவனை நாம் பகலிலே, அவன் உயிரோடு இருக்கும்போதே மதிக்கணும். சிரிப்பு பொழுதுபோக்கு அல்ல, மருந்துதான் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)