திடலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள்



காற்பந்து என்றால் தோட்டத்து மக்களாகிய நமக்குத் தனிப் பிரியம். வேலை முடிந்து, குளித்து, தேநீர் குடித்த கையோடு திடலோரம் போய் நிற்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. இன்று ஆட்டத்தை விட்டுவிட்டு, அதற்கெனப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

1996-இல் தொடங்கப்பட்ட புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பகாங் கம்பாங்கில் இருக்கும் மொக்தார் டஹாரி அகாடமி போன்ற இடங்களுக்குப் பிள்ளைகள் 13 வயதிலேயே போய்விடுகிறார்கள். விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே ஆடப் பழகுகிறார்கள். நம் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு அப்படி இடம் கிடைத்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "அடுத்த ஆறுமுகம் வந்துவிட்டான்" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிடுகிறோம்.

'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் காவலர் அவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி போகவில்லை. அது வேறு கதை. அந்தப் பெயரைப் பெற அவர் எத்தனை ஆண்டுகள் ஆடினார்! நேற்றுப் பெட்டி கட்டிக்கொண்டு விடுதிக்குப் போன பிள்ளையின் தலையில் அதை ஏற்றலாமா? அவனுக்கு இன்னும் குரலே உடையவில்லை.

2017-ஆம் ஆண்டு சீ விளையாட்டுப் போட்டியைப் பாருங்கள். ஆகஸ்ட் 26-ஆம் தேதி, ஷா ஆலாம் அரங்கில் இந்தோனேசியாவுக்கு எதிரான அரையிறுதி. ஆட்டம் முடியும் நேரத்தில் என். தனபாலன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். மலேசியா வென்றது. 'நம்ம பையன்' என்று நாமெல்லாம் துள்ளினோம். மூன்றே நாள் கழித்து அதே அரங்கில் தாய்லாந்துடன் இறுதியாட்டம். மூலையிலிருந்து வந்த பந்தை 19 வயதுக் கோல்காவலர் ஹசிக் நட்சிலி குத்தித் தள்ளப் போக, அது சொந்த வலைக்குள்ளேயே விழுந்தது. 1-0. தங்கம் போயிற்று.

தனபாலன் நம் பையன் என்றால் ஹசிக்கும் நம் பையன்தானே? கோல் போட்டவனுக்கு உறவு கொண்டாடி, கோல் விட்டவனின் இனத்தையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசுவது எந்த ஊர் நியாயம்? அன்று தோற்ற அந்த இளைஞர் அணிதான் அடுத்த ஜனவரியில் சீனாவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் காலிறுதிவரை போயிற்று.

வேறொரு விஷயம். சிலாங்கூரில் வளர்ந்த பையன் ஜொகூர் அணிக்குக் கையெழுத்துப் போட்டால் 'துரோகி' என்கிறோம். தோட்டத்திலேயே நல்ல சம்பளம் தரும் இடம் பார்த்து நாம் மாறியதில்லையா? பந்தாட்டக்காரனுக்கோ சம்பாதிக்கும் காலமே குறைவு. மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி வைத்த அணிகளும் இந்நாட்டில் உண்டு. எங்கே போவது என்பதை அவனும் பெற்றோரும் முடிவு செய்யட்டும்.

ரசிகர் என்ற பெயரில் கைத்தொலைபேசியும் காலணியும் வாங்கிக் கொடுக்க வருவோர் விஷயத்தில் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். 1994, 1995-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த சூதாட்ட ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டார்கள். பலருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்துபோனது. இன்னாரிடமிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தெரியாத எந்தப் பொருளும் வீட்டுக்குள் வரவேண்டாம்.

இவற்றையெல்லாம்விட எங்களுக்குக் கவலை தருவது, திரும்பி வரும் பிள்ளையின் நிலைமை. எல்லாரும் கடைசிவரை தேறுவதில்லை. முழங்கால் அடிபட்டோ, உயரம் போதாமலோ, 15, 16 வயதில் ஒருவன் பெட்டியோடு வீடு வந்து சேருவான். "என்னப்பா, துரத்திவிட்டார்களா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கும் அந்தக் கேள்விக்குப் பயந்தே அவன் வாரக்கணக்கில் வெளியே வரமாட்டான். அவன் அம்மாவும் கோயில் பக்கம் வரமாட்டார். வாழை மரம் கட்டி வழியனுப்பியவர்களும் நாம்தான், இப்படிக் கேட்பவர்களும் நாம்தான்.

அப்படி வந்த பிள்ளையிடம் காரணம் கேட்காதீர்கள். பழைய பள்ளியில் இடம் வாங்க அப்பாவோடு ஒருவர் துணைக்குப் போய் வாருங்கள், எஸ்.பி.எம். தேர்வுக்கு அவன் விட்ட பாடங்கள் நிறைய இருக்கும். ஞாயிற்றுக்கிழமை திடலில் ஆள் குறைந்தால் அவனையும் கூப்பிடுங்கள். வந்தால் ஆடட்டும். வராவிட்டால் அடுத்த வாரமும் கூப்பிடுங்கள்.