வெட்டுண்ட ஓவியமும் மீண்டுவந்த பீரங்கியும்



நூதனசாலைக்குச் செல்லும் இளைஞர் எதையும் நின்று பார்ப்பதில்லை. கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுகின்றனர் என்பது பெரியோர் எம்மீது சுமத்தும் குற்றம். ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்பதற்கு ஒல்லாந்து தேசத்துச் செய்தியொன்று உண்டு.

அம்ஸ்ரடாம் நகரத்து றைக்ஸ் நூதனசாலையிலே, றெம்பிராண்ட் 1642இல் தீட்டிய 'இராக்காவல்' என்னும் பேரோவியம் இருக்கிறது. 1715இல் அதனை நகரமண்டபத்துக்குக் கொண்டுசென்றவர்கள், சுவரில் அடங்கவில்லையென்று நான்கு புறமும் வெட்டிவிட்டனர்! இடப்புறத்தில் மாத்திரம் ஏறக்குறைய 2 அடி போயிற்று; அங்கே நின்ற மனிதரும் அதனோடு போயினர். துண்டுகள் அகப்படவேயில்லை. நல்லகாலம், வெட்டுமுன் லுண்டென்ஸ் என்பவர் எழுதியதாகக் கருதப்படும் சிறு பிரதியொன்று தப்பியிருந்தது.

2021இல் அப்பிரதியையும் மூலத்தையும் கணினிக்குக் காட்டி, றெம்பிராண்டின் வண்ணத்தையும் தூரிகைப் போக்கையும் பயிற்றினர். அது ஆக்கித் தந்த பகுதிகளை அச்சிட்டு ஓவியத்தைச் சூழ மாட்டினர். படைத்தலைவர் இருவரும் நடுவில் நிற்பவரல்லர், சற்று வலப்புறமாக நடந்துவருபவர் என்பது அப்போது எல்லோர்க்கும் தெரிந்தது. படை முழுவதுமே நகர்வதுபோலாயிற்று. சில மாதங்களின்பின் அவற்றைக் கழற்றிவிட்டனர். மாட்டியதினும் கழற்றியதே எமக்குப் பெரிதாகப் படுகிறது. இழந்தது இவ்வளவு என்று காட்டிவிட்டு, பொய் மெய்யோடு கலவாமல் ஒதுங்கிக்கொண்டது யந்திரம்.

2022இல் அவ்வோவியத்தை 71,700 கோடி புள்ளிகள் கொண்ட படமாக இணையத்தில் வெளியிட்டனர். வண்ணத்தின் வெடிப்புகளையும் விடுதி அறையிலிருந்தே கண்டோம். (பரீட்சைக்குப் படிக்கவேண்டிய இரவொன்று அதிலே கழிந்தது.)

பின்னர் அந்நூதனசாலையின் இணையத்தளத்தில் எமது நாட்டுப் பொருள்களைத் தேடினோம். கண்டிப் பீரங்கியின் படம் கிடைத்தது. நாயக்க வமிசத்தவனான கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் ஆட்சியில், 1765இல், ஒல்லாந்தர் கண்டியிலே கொள்ளையிட்டது அது. வெண்கலத்தில் பொன்னும் வெள்ளியும் மணிகளும் இழைத்து, சூரியன், பிறை, சிங்கம் பொறித்தது. படம் யாவர்க்கும் இலவசம். பொருளோ நெடுங்காலம் அவர்களிடம். படத்தைத் தந்தவர் பொருளையும் தந்தாராகிவிடுவாரா? 2023இலேதான் வேறு ஐந்து பொருள்களோடு அது கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு மீண்டது.

சங்கத்தார் கொழும்புக்குச் செல்லும்போது கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று கேட்கமாட்டோம். முதல்நாளிரவு அப்படத்தைப் பெருப்பித்து, சிங்கம் எங்கே, பிறை எங்கே என்று குறித்து வாருங்கள். மறுநாள் பீரங்கியின் முன் நின்று, பெரியோரும் நாமுமாகத் தேடுவோம்.